பை வெச்ச நாற்காலி

உக்காரு கண்ணு, பைய எடுத்துக்கறேன். யாருக்கும் எடம் புடிச்சு வெக்கல, சும்மாதான் வெச்சிருந்தேன். பக்கத்துல ஆள் உக்காந்தா என்ற முழங்கை போய் இடிக்கும், அப்பறம் மொறைப்பாங்க. அதுக்கோசரம் எங்க போனாலும் பக்கத்துல ஒரு பைய வெச்சுக்கறது. பழகிப் போச்சு. நீ ஒல்லியாத்தான் இருக்கறே, உனக்கு இடிக்காது. எங்க போறே, பவானியா? நான் சித்தோட்டுல எறங்கிக்குவேன்.

இதா? இது குரோஷா. நூலும் கொக்கி வெச்ச ஊசியும், அவ்வளவுதான் சாமானம். பொருட்காட்சிக்குப் போயிருந்தியா? போகலையா, போச்சு போ, இன்னிக்கோட முடிஞ்சுது. டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவுல எங்க மகளிர் மன்றத்து அரங்கு. நூல் வேலைய உக்காந்து செஞ்சு காட்டறது. விக்கறதுக்கில்ல. வர்ற சனம் நின்னு பாக்கும், ஆசப்பட்டாச் சொல்லிக் குடுப்போம். சம்பளம் கெடையாது, டீயும் வடையுந்தான். நாங்களா இஷ்டப்பட்டுப் போனோம். என்ற வீட்டுக்காரரு கூட, போறதுதான் போறே, ராட்டினத்துலயும் ஒரு சுத்து சுத்திட்டு வான்னு நக்கல் பண்ணினாரு. பண்ணட்டும்.

என்ற கையத்தான பாக்கறே? நல்லாவே பாரு. நொட்டாங்கைதான், எடது கை. அல்லாரும் பாப்பாங்க, பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருப்பாங்க. சின்னதுல எங்கம்மா தோசை திருப்பற சட்டுவத்துல தட்டுவாங்க, பள்ளிக்கோடத்துல வாத்தியார் ஸ்கேல்ல தட்டுவாரு. சோறு திங்கறதுக்கும் எழுதறதுக்கும் மாத்திக்கிட்டேன். குங்குமம் எடுக்கறது, ஒருத்தருக்குக் குடுக்கறது, வாங்கறது, எல்லாம் சோத்தாங்கைலதான். மரியாதை தெரியாதவ இல்ல நான். ஆனா ஊசி மட்டும் இந்தக் கைக்குத்தான் வரும். அந்தக் கைக்கு வராது. வராததுக்கு நான் என்ன பண்றது?

கல்யாணமாயி மில் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்பத்தான் இதப் பழகினேன். எதுத்த வீட்டுல மேரிக்குட்டின்னு கேரளத்து நர்ஸம்மா. அவங்க வாசப்படியில அவங்க, என்ற வாசப்படியில நான், நடுவுல சந்து. அவங்க பின்னறதப் பாத்துப் பாத்தே புடிச்சுக்கிட்டேன். ஒரு வார்த்த சொல்லித் தரல. அப்படி மூள எனக்கு. பெருமைக்குச் சொல்லல, நடந்தது அதுதான்.

எங்க மன்றத்துத் தலைவி கோகிலவாணி. பேங்க் மேனேஜர் சம்சாரம். கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். மன்றத்துல சனிக்கெழம சனிக்கெழம நூல் வேல வகுப்பு நடக்கும், அவங்கதான் எடுத்துட்டிருந்தாங்க. முட்டிவலி வந்துருச்சு, வேற ஆள் பாக்கோணும்னாங்க. பொருட்காட்சியில யாரு நல்லாச் சொல்லிக் குடுக்கறாங்களோ, வகுப்பு அவங்களுக்குன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. எனக்கு அந்த வகுப்பு வேணும் கண்ணு. இத்தன வருசமா அந்த மன்றத்துல நாற்காலி மடிக்கறதும் டீ ஊத்தறதும் நான்தான். மயிலா, அந்தச் சன்னலச் சாத்து. மயிலா, இன்னொரு டம்ளர் கொண்டான்னுதான் கூப்புடுவாங்க. டீச்சர்னு யாராவது ஒருத்தர் என்னையக் கூப்புடோணும். அவ்வளவுதான் ஆச. வெக்கமில்லாமத்தான் சொல்றேன்.

மொத நாள் போனா, மேசையில என்ற பேருக்கு நாற்காலி இல்ல. பின்னாடி பெட்டிக்கிட்ட ஒரு ஸ்டூல். நூலச் சுத்திச் சுத்தி உருண்ட பண்ணிக் குடுக்கோணுமாம். முன்னாடி உக்காந்தவங்கள்ல ரெண்டு பேருக்கு நான்தான் ஊசி புடிக்கவே சொல்லிக் குடுத்தேன், அதையும் கேட்டுக்க. என்னக்கா இதுன்னு கேட்டேன். கோகிலவாணியக்கா என்னையத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, மெதுவாச் சொன்னாங்க. மெதுவாத்தான் சொல்லுவாங்க எப்பவும்.

"தப்பா நெனைக்காத மயிலா. தொறந்து வெக்கப் பெரியவங்க வர்றாங்க. போட்டோ எடுப்பாங்க. நொட்டாங்கைல செஞ்சு காட்டுனா நல்லாவா இருக்கும்?"

நேரா அப்பளக் கடைக்குப் போனேன். அந்தத் தம்பிகிட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி குடுப்பான்னு கேட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கங்கம்மான்னு குடுத்தான். ரெண்டையும் தூக்கிட்டு வந்து மேசைக் கடேசில போட்டேன். ஒண்ணுல நான் உக்காந்தேன். இன்னொண்ணுல என்ற பை உக்காந்துச்சு.

எந்திரி மயிலான்னாங்க. விருந்தாளி வர்ற நேரம்னாங்க. அவங்க மூஞ்சியப் பாக்காமயே ஊசில நூல மாட்டினேன். கழுத்தப் புடிச்சுத் தள்ளினாலும் எந்திரிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பொய் சொல்லக் கூடாது, ஊசி கொக்கி ரெண்டு தடவ வழுக்குச்சு. ஆனா எந்திரிக்கல. என்னத்தையோ மேளம் கொட்டறாங்க, ரிப்பன் வெட்டறாங்க, நான் பாட்டுக்குப் பின்னிட்டிருக்கறேன்.

தொறந்து வெக்க வந்த அம்மா வரிசையாப் பாத்துட்டு வந்தாங்க. எல்லாத்துக்கும் தலைய ஆட்டினாங்க. என்ற முன்னாடி வந்ததும் நின்னுட்டாங்க. சரி, கெரகம், என்னமோ கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். எனக்கும் ஒண்ணு காட்டுங்கன்னு கைய நீட்டினாங்க. ஊசியக் குடுத்தேன். நான் செய்யச் செய்ய, அந்தம்மா எதுத்தாப்புல நின்னுட்டு அப்படியே செய்யறாங்க. சங்கிலிப் பின்னல் சரசரன்னு வருது. பின்னுனத வளையல் மாதிரி கையில கட்டிக்கிட்டுப் போனாங்க. போட்டோக்காரர் எடுத்தாரு. எந்தக் கைய எடுத்தாருன்னு கோகிலவாணியக்காவப் போய்க் கேளு.

அன்னிக்கு ஆரமிச்ச கூட்டம். மத்தவங்க முன்னாடி சனம் நிக்கும், ஊசியப் புடிக்கும், ரெண்டு கண்ணி போடும், சிக்கலாக்கிப் போட்டுட்டு அப்பளம் திங்கப் போயிரும். என்ற முன்னாடி நின்னவங்க பின்னிட்டுத்தான் போனாங்க. காலேஜ்ப் புள்ளைக, ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்கற ஆளு, போலீஸ்காரம்மா ஒருத்தங்க. போலீஸ்காரம்மா டூட்டில நின்னுட்டே பின்னினாங்க. அப்படி அமஞ்சுது எனக்கு, சொல்லிக் குடுக்கற கை.

இதுல ஜெசிந்தா டீச்சர் வந்து ஒரு வெளக்கம் சொன்னாங்க பாரு. எங்க மன்றந்தான், கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நல்ல மனசு. மயிலா, நீங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கறீங்க, உங்க நொட்டாங்கை அவங்க சோத்தாங்கைக்கு நேரா இருக்குது, அதனால கண்ணாடியப் பாத்துச் செய்யற மாதிரி அவங்களுக்கு லேசா வருது, எங்களப் பாத்தா எல்லாம் மாறித் தெரியுதுன்னாங்க. கண்ணாடியாம். நான் இத்தன பேருக்குத் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக் குடுக்கறேன், இவங்க கண்ணாடிங்கறாங்க. ஆமாங்க டீச்சர், ஆமாங்கன்னு சொல்லிட்டு என்ற வேலையப் பாத்தேன். படிச்சவங்களுக்கு எதுக்கும் ஒரு கணக்கு வேணும்.

அந்தப் பை வெச்ச நாற்காலி கடேசி வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு. கோகிலவாணியக்கா அன்னிக்கே மத்தவங்க நாற்காலிய எல்லாம் அந்தப் பக்கமா நகத்திப் போடச் சொல்லிட்டாங்க. கேட்டா, முழங்கை இடிக்குதாம். இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ என்ன என்னைய ஒதுக்கறது, நான் ஒதுக்கறேன் பாருன்னு பைய நல்லா அகலமாப் பரப்பி வெச்சேன். ஜெசிந்தா டீச்சர் ஒரு நாள் சித்த உக்காந்துக்கட்டுமான்னு வந்தாங்க. ஆள் வருதுங்கன்னு சொல்லிட்டேன்.

நடுவுல ஒரு புள்ள வந்துச்சு. அதத்தான் சொல்ல வந்தேன், எங்கெங்கயோ போயிட்டேன். மணிக்கூண்டுக்கிட்ட மருந்துக் கடையில நிக்கற புள்ள, பிரவீணான்னு பேரு. கடையில போடற வெள்ளக் கோட்டக் கூடக் கழட்டாம, சாயங்காலம் அடுத்த ஆள் வந்து மாத்தி விட்டதும் நேரா வந்துரும். மொத நாளு தள்ளி நின்னு பாத்துச்சு. மறுநாளும் பாத்துச்சு. மத்தவங்க யாரையும் பாக்கல, என்ற கையவே பாத்துட்டு நின்னுச்சு. மூணாவது நாளு, எனக்கும் சொல்லித் தர்றீங்களான்னு கேட்டுச்சு. எதுத்தாப்புல வந்து நின்னு ஊசிய வாங்குச்சு. வாங்குனா, நொட்டாங்கைல வாங்குது.

எனக்குச் சந்தோசந்தான். ஏன் சந்தோசமிருக்காது? ஆனா வரவே மாட்டேங்குது கண்ணு. நான் இப்படி நூலச் சுத்தினா அது அப்படிச் சுத்துது. நான் கொக்கிய உள்ள விட்டு இழுத்தா, அதுக்கு நூல் வேற பக்கம் போய் முறுக்கிக்குது. மறுபடி காட்டறேன், மறுபடி சிக்கல். பின்னாடி சனம் நிக்குது. ஒரு அம்மா, சீக்கிரம் ஆகட்டுங்கன்னு சொல்றாங்க. கோகிலவாணியக்கா அந்தப் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருக்கறாங்க, என்னடா ஒருத்திக்கு வரலையேன்னு அவங்க மொகத்துல ஒரு இது. எனக்கு ஒடம்பெல்லாம் தீப் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தப் புள்ள கைய மெதுவாத் தட்டினேன். அடிக்கல, தட்டினேன். "அந்தக் கைல வராது சாமி. மாத்திப் புடி"ன்னு சொன்னேன்.

அந்தப் புள்ள என்னைய நிமிந்து பாத்துச்சு. கோவமாப் பாக்கல. கோவமாப் பாத்திருந்தா நானும் ரெண்டு வார்த்த சொல்லியிருப்பேன்.

"உங்களுக்கு மட்டும் வருதுங்களே?"

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. நான் வேறன்னு சொன்னேன். வேறதான? எத்தன அடி வாங்கி வந்த கை இது. அந்தப் புள்ள ஊசிய மேசை மேல வெச்சுச்சு. போடல, வெச்சுச்சு, நூலக் கூட ஒழுங்காச் சுத்தி வெச்சுட்டுப் போயிருச்சு. அப்பறம் வரல. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. அத்தன பேருக்கு வந்தது அதுக்கு வரலைன்னா கொற சொல்லிக் குடுக்கறவகிட்டயா? நீயே சொல்லு. இல்ல, வேண்டாம், சொல்லாத. எனக்கே தெரியும்.

இன்னிக்குக் கடேசி நாளு. அரங்குக்கு வந்தவங்க நாலஞ்சு பேரு கோகிலவாணியக்காகிட்டயே போய்க் கேட்டிருக்கறாங்க, அந்த நொட்டாங்கை டீச்சர் எங்க வகுப்பு எடுக்கறாங்கன்னு. டீச்சர்னு கேட்டிருக்கறாங்க கண்ணு. ஜெசிந்தா டீச்சர்தான் ஓடியாந்து என்றகிட்டச் சொன்னாங்க. கோகிலவாணியக்காவால ஒண்ணும் பண்ண முடியல. சாமானம் கட்டும்போது வந்து, வர்ற சனிக்கெழமைல இருந்து நீயே எடுத்துக்க மயிலான்னாங்க. மொகம் அவ்வளவா நல்லா இல்ல. நான் சரிங்கக்கான்னு மட்டும் சொன்னேன். ரொம்பச் சிரிச்சா நல்லா இருக்காதுன்னு பெட்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரிச்சுக்கிட்டேன்.

அப்பறம் எதுக்கு உம்முன்னு உக்காந்திருக்கறேன்னு கேக்கறியா? நான் உம்முன்னு இல்ல. செயிச்சுட்டு வர்றவ எதுக்கு உம்முன்னு இருக்கறா? நாள் பூரா உக்காந்த அலுப்பு.

உனக்கும் வேணுமா? தாராளமா. இந்தா, புடி. சோத்தாங்கைல புடி, உன்ற கை அதுதான. இப்பப் பாரு, இப்படி ஒரு சுருக்கு. அதுக்குள்ள கொக்கிய விடு. நூல எடு. இல்ல, அப்படியில்ல, இந்தப் பக்கத்துல இருந்து எடு. என்ற கையப் பாரு கண்ணு. அட, திருப்பி எடுக்கறியே. மறுபடி. நான் எப்படிச் செய்யறனோ அப்படிச் செய். அப்படித்தான் செய்யறேங்கறியா? எங்க வருது, முறுக்கிக்குது பாரு.

என்ன இது? பொருட்காட்சியில டிக்கெட் கிழிக்கற ஆளுக்கு ஒரு நிமிசத்துல வந்துச்சு. நீ படிச்ச புள்ள. அவங்கெல்லாம் நின்னுட்டே கத்துக்கிட்டாங்க, நீ சொகமா உக்காந்துட்டு...

சித்த இரு.

அவங்கெல்லாம் எதுத்தாப்புல நின்னாங்க. நீ பக்கத்துல உக்காந்திருக்கறே. எதுத்தாப்புல நின்னா என்ற நொட்டாங்கை அவங்க சோத்தாங்கைக்கு நேரா. கண்ணாடி. ஜெசிந்தா டீச்சர் சொன்னது இதுதானா? அப்ப மேரிக்குட்டியக்கா சந்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்ததும்... சரி, அத விடு. நீ பக்கத்துல இருக்கறே, என்ற கை ஒரு பக்கம், உன்ற கை ஒரு பக்கம், அதான் உனக்கு எல்லாம் மாறி வருது. உன்ற மேல கொறையில்ல.

அப்ப நொட்டாங்கைக்காரி பக்கத்துல உக்காந்தா, எனக்கும் அவளுக்கும் ஒரே பக்கம். நான் இப்படிச் சுத்தினா அவளும் இப்படியே சுத்தலாம். அப்படித்தான?

அந்தப் புள்ள எதுத்தாப்புல நின்னுச்சு. அத்தன சனத்துல அது ஒண்ணு மட்டும் எதுத்தாப்புல நிக்கக் கூடாத புள்ள. என்ற பக்கத்துல நாற்காலி இருந்துச்சு. நானே போய்த் தூக்கிட்டு வந்த நாற்காலி. அதுல பைய வெச்சிருந்தேன்.

நீ எதுக்கு அப்படிப் பாக்கறே? நான் அழுகல, சன்னல் தொறந்திருக்குது, தூசி. அந்தப் புள்ளைக்கு வந்திருக்கும் கண்ணு. கையப் பாத்தாலே தெரிஞ்சுது, நல்ல கை. நூல அது சுத்தி வெச்சுட்டுப் போனதே அவ்வளவு அழகா இருந்துச்சு. வராதுன்னு சொன்னனே. எங்கம்மா சட்டுவத்த எடுத்துட்டுச் சொல்லுவாங்க, வாத்தியார் ஸ்கேல எடுத்துட்டுச் சொல்லுவாரு. நான் வெறுங்கைல சொன்னேன், அவ்வளவுதான வித்தியாசம்?

அதுக்காக நான் போய்க் கால்ல விழுக மாட்டேன். அப்படியெல்லாம் நெனச்சுக்காத. எனக்கு அது பழக்கமில்ல. நாளைக்கு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு வேல இருக்குது, அப்படியே அந்த மருந்துக் கடைக்குப் போவேன். தலவலிக்கு மாத்திர குடுன்னு கேப்பேன். அது சில்லறைய எண்ணிக் குடுக்கும், நொட்டாங்கைலதான் குடுக்கும். நானும் நொட்டாங்கைலயே வாங்கிக்குவேன். மொத தடவையா ஒருத்தர்கிட்ட அப்படி வாங்கறது. கடக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். வாங்கிட்டு, சனிக்கெழம எத்தன மணிக்கு வகுப்புன்னு சொல்லிட்டு வந்துருவேன். வந்தா வரட்டும். வரலைன்னா அடுத்த வாரமும் தலவலி வரும் எனக்கு.

கோகிலவாணியக்கா என்ன சொல்லுவாங்கன்னா, மேசைக்கு உள்பக்கம் டீச்சருக்கு மட்டுந்தான், கத்துக்க வர்றவங்க வெளிப்பக்கம்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். வகுப்பு என்றது. யாரு எந்தப் பக்கம் உக்காரோணும்னு நான் சொல்லுவேன்.

சித்தோடு வந்துருச்சு. அந்த ஊசிய நீயே வெச்சுக்க, என்றகிட்ட வேற இருக்குது. ஊட்டுக்குப் போய் எதுத்தாப்புல ஒரு கண்ணாடிய வெச்சுட்டு, நான் காட்டுனத நெனச்சுப் பாரு. பைய எடுத்துக் குடு கண்ணு. மடியில வெக்காத, அடியெல்லாம் அழுக்கு. வெச்ச எடம் அப்படி, இத்தன நாளும் அப்பளக் கடை எண்ண நாற்காலி மேலயே கெடந்துச்சு. சனிக்கெழமைல இருந்து அது கீழதான்.